பத்துமலைப் படியில் திரும்பி நின்றால்...



பத்துமலைக்குப் போகாத தோட்டக் குடும்பம் இந்நாட்டில் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. லாரியிலும் பஸ்ஸிலும் போன காலம் உண்டு. 2010-லிருந்து கொம்யூட்டர் இரயிலே பத்துமலைக்கு வந்து நிற்கிறது. 272 படிகளையும் ஏறி, மூச்சு வாங்க மேலே வந்ததும் நாம் எல்லோரும் குகைக்குள்ளேதான் நடக்கிறோம். அடுத்த முறை போகும்போது ஒரு நிமிடம் திரும்பி நின்று பாருங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் கோலாலம்பூர் இருக்கிறது.

முதலில் கண்ணில் படுவது, 2006-இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையின் பின்புறம். கீழே புறாக்கள் மேயும் திடல். அதற்கப்பால் வாகனங்கள் ஓயாத நெடுஞ்சாலை, அடுக்குமாடி வீடுகள், தூரத்தில் நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள். நகரின் நடுப்பகுதி இங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். தைப்பூசத்தில் இந்தக் காட்சி பெரும்பாலும் நன்றாகவே தெரியும். ஆகஸ்டு, செப்டம்பரில் போனால், சில ஆண்டுகளில் நெடுஞ்சாலைக்கு அப்பால் ஒன்றுமே இருக்காது. வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருக்கும்.

ஏன் இந்த வித்தியாசம்? தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரியில் காற்று வடகிழக்கிலிருந்து, தென்சீனக் கடலைத் தாண்டி வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அது மலாக்கா நீரிணைக்கு அப்பாலுள்ள சுமத்ராவைத் தொட்டுவிட்டு வருகிறது. அங்கே மலாய் மொழியில் 'தானா காம்புட்' எனப்படும் கருமண் நிலங்கள் உண்டு. மக்கிப்போன மரமும் இலையும் பல அடி ஆழத்துக்குச் சேர்ந்ததுதான் அந்த மண். காய்ந்துவிட்டால் மண்ணே எரியும். மேலே அணைந்ததுபோல இருந்துகொண்டு உள்ளே நாள்கணக்கில் கனலும், நம் பாட்டிமார் அடுப்பில் வைத்த வரட்டியைப் போல. எல்லாப் பழியையும் அக்கரையின் மேல் போட்டுவிடவும் முடியாது. கிள்ளானுக்கு அருகே ஜோஹான் செத்தியாவிலும் இதே மண்தான். அங்கும் அடிக்கடி தீப்பிடிக்கிறது.

அந்தப் புகையிலுள்ள துகள்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்துச் செம்மண் சாலையில் லாரி போனால் எழும் தூசி சற்று நேரத்தில் இறங்கிவிடும். புகைத்துகள் அப்படியன்று. பி.எம். 2.5 என்று குறிப்பிடப்படும் நுண்துகள் 2.5 மைக்ரோன் அளவுக்கு மேற்படாதது. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. அது நாள்கணக்கில் காற்றில் மிதந்து கடல் தாண்டி வரும். இவற்றில் மிகச் சிறியவை ஒளி அலையின் நீளத்தையொட்டிய அளவுடையவை. ஆகவே ஒளியைப் பிடித்து நாலாபுறமும் சிதறடிக்கின்றன. தூரத்துக் கட்டடத்திலிருந்து நம் கண்ணுக்கு வரவேண்டிய ஒளி வழியிலேயே சிதறிவிடுகிறது. கண்ணை மறைக்கும் இதே துகள்தான் மூக்கு மயிரிலும் தொண்டைச் சளியிலும் சிக்காமல் நுரையீரலின் அடிவரை போகிறது.

ஆனால் கண் சொல்வதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மழைநாளில் உப்புச் சாடியில் உப்பு நீர்த்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். புகைத்துகள் பலவும் அப்படித்தான், காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து ஊதிப் பெருக்கின்றன. ஊதிய துகள் இன்னும் அதிகமாக ஒளியை மறைக்கும். எனவே அதே அளவு புகை, விடியற்காலை ஈரத்தில் கனமாகவும் உச்சிவெயிலில் இலேசாகவும் தெரியும்.

கோலாலம்பூரின் நிலையமைப்பும் ஒரு காரணம். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். நகரம் பள்ளத்தாக்கில் கிடக்கிறது. காற்றசைவில்லாத இரவில் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழேயும் அதைவிட வெதுவெதுப்பான காற்று மேலேயும் நின்றுவிட்டால், சட்டிக்கு மூடி போட்ட கதைதான். காலை வாகனங்கள் கக்கும் புகையெல்லாம் மூடிக்குள்ளேயே சுற்றும். வெயில் ஏறித் தரை சூடானபின்தான் மூடி திறக்கும்.

"பனியா, புகையா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் கடிகாரத்தைக் காட்டுவேன். பால்மரக் காட்டில் விழும் பனி, ஒன்பது மணிக்குள் பெரும்பாலும் கலைந்துவிடும். நகரத்தின் சொந்தப் புகை நண்பகலில் மெலியும். பிற்பகல் இரண்டு மணிக்கும் சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடிகிறது, தொண்டையில் கரிவாடை அடிக்கிறது என்றால், அது தூரத்திலிருந்து வந்த புகை. (சூரியனை உற்றுப் பார்க்கச் சொல்லவில்லை, பிள்ளைகளே!)

2019 செப்டம்பரில், சிலாங்கூரில் பள்ளிகள் மூடப்பட்ட சமயம், எங்கள் தோட்டத்தில் ஒரு குடும்பம் குழந்தைக்கு முடி இறக்கப் பத்துமலைக்குப் பஸ் பேசி, முன்பணமும் கொடுத்திருந்தது. குழந்தைக்கு ஏழு மாதம், பாட்டிக்கு இழுப்பு. தள்ளிப்போடச் சொன்னேன். "என்னங்க வாத்தியாரையா, முருகனுக்கு நேர்ந்துகிட்டதைத் தள்ளிப்போடுன்னு சொல்றீங்களே?" என்று பாட்டி கோபித்துக்கொண்டார். படியேறுகிறவர் சாதாரணமாக விடும் மூச்சைப்போலப் பல மடங்கு காற்றை இழுக்கிறார், புகையும் அதே கணக்கில்தான் உள்ளே போகும் என்று விளக்கினேன். முருகன் அடுத்த மாதமும் அங்கேதான் இருப்பார் என்று மருமகள் சொன்னதுதான் கடைசியில் எடுபட்டது. முன்பணம் போயிற்று. தொழிலாளி வீட்டில் அது சிறு இழப்பன்று. அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

பஸ் பேசுமுன் ஐ.பி.யு. எண்ணைப் பாருங்கள். சுற்றுச்சூழல் இலாகா மணிக்கொரு முறை வெளியிடுகிறது. பிள்ளைகளின் கைப்பேசியிலேயே கிடைக்கும். 50 வரை நல்லது, 100 வரை மிதம், அதற்கு மேல் உடலுக்குக் கேடு, 200-ஐத் தாண்டினால் மிகவும் கேடு, 300-க்கு மேல் ஆபத்து. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அது 500-ஐக் கடந்து அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. 2013 ஜூனில் மூவாரில் 746. இந்த எண்ணில் பி.எம். 2.5 சேர்க்கப்பட்டது 2018-இல்தான். ஆகவே பழைய எண்களையும் இன்றைய எண்களையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்பது நம்மிடையே உள்ள தவறான நம்பிக்கை. நுண்துகள் துணியில் பெரிதாக நிற்காது. என்-95 முகக்கவசம் முகத்தோடு ஒட்டியிருந்தால்தான் தடுக்கும்.

காட்சிக்காகவே போகிறவர்களுக்கு அக்டோபர் கடைசியும் நவம்பரும் ஏற்றவை. காற்று திசை மாறும் காலம். மாலைதோறும் இடியுடன் மழை கொட்டும். சிறு தூறல் புகையைக் கழுவாது, இப்படிப்பட்ட அடைமழை கழுவும். முதல்நாள் நல்ல மழை பெய்திருந்தால், மறுநாள் காலை ஒன்பதரை மணிக்குப் படியேறி நில்லுங்கள். நகரத்துக் கட்டடங்கள் கத்தரித்து ஒட்டியதுபோல் விளிம்பு விளிம்பாகத் தெரியும். குடையை மறக்க வேண்டாம். பிற்பகலில் மறுபடியும் மழை பிடித்துக்கொள்ளும்.