பெரியப்பா வலது

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த பெரியப்பாவிடம் என் மகள் கேட்டாள்: “தாத்தா, நீங்க எந்தக் கட்சி?”

“நான் வலது, கண்ணு.”

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்குத் தெரிந்த ‘வலது’க்கு ஒரே அர்த்தம்தான், அந்த அர்த்தத்துக்கும் பெரியப்பாவுக்கும் காத தூரம். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் முப்பது வருஷம் சைடராக நின்றவர். முழு நைட் முடித்துவிட்டு, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் யூனியன் ஆபீசுக்குப் போய் போஸ்டருக்குப் பசை காய்ச்சியவர். வீட்டுச் சுவரில் முருகன் படம் பெரியம்மாவின் பங்கு. அடுத்த ஆணியில் தொங்கும் லெனின் இவர் பங்கு. அப்படிப்பட்டவர் வாயால் ‘வலது’!

“என்னப்பா, தாத்தா இப்படிச் சொல்றாரு?” என்று என் காதைக் கடித்தாள்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு கதையைச் சொன்னேன். 1964இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாக உடைந்தது. ஏப்ரலில் தேசியக் குழுவிலிருந்து 32 பேர் வெளியேறினார்கள். நம் பக்கத்து பி. ராமமூர்த்தியும் என். சங்கரய்யாவும் அதில் இருந்தார்கள். போனவர்கள் மார்க்சிஸ்ட் கட்சி. ஊர் வாயில் ‘இடது’. இருந்தவர்கள் ‘வலது’. கதிர் அரிவாள் என்றால் வலது, அரிவாள் சுத்தியல் நட்சத்திரம் என்றால் இடது. காங்கிரசோடு எவ்வளவு தூரம் சேர்ந்து போகலாம், மாஸ்கோவா பீகிங்கா என்பதெல்லாம்தான் அவர்களுக்குள் வழக்கு. முதலாளி வாழ்க என்று வலதில் ஒருவரும் சொன்னதில்லை.

“1967ல இடதுக்காரங்க யார் கூடக் கூட்டுச் சேந்தாங்கன்னு அதையும் சொல்லு” என்றார் பெரியப்பா, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு.

அதுவும் உண்மைதான். அந்த ஆண்டு தி.மு.க. அமைத்த அணியில் மார்க்சிஸ்டுகளும் இருந்தார்கள், ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இருந்தது. லைசென்ஸ், பர்மிட் ஆட்சியை ஒழிப்போம் என்று 1959இல் கிளம்பிய கட்சி அது. பொருளாதாரத்தில் அசல் வலதுசாரி எது என்று கேட்டால் இந்தியாவில் முதலில் அதைத்தான் காட்ட வேண்டும். ராஜாஜியோ, 1952இல் முதலமைச்சரானபோது கம்யூனிஸ்டுகளே தன் முதல் எதிரி என்று அறிவித்தவர். ஆக, இடது போய் வலதுசாரியோடு நின்றது. வலது அந்த அணிக்கு வெளியே நின்று, இரண்டே இடத்தோடு வீடு திரும்பியது. பெரியப்பாவுக்கு அந்த ஆற்றாமை இன்னும் அடங்கவில்லை. “ராஜாஜி கூட மேடையேறுனவங்க இடது, நாங்க வலதாம்!”

நெருக்கடி நிலையை நான் எடுக்கவில்லை. 1975இல் இவர் கட்சி இந்திரா காந்தியை ஆதரித்தது, இடது எதிர்த்தது. 1978இல் பதிண்டா மாநாட்டில்தான் அது தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். பொங்கலும் அதுவுமாக எதற்கு?

இடது, வலது என்பதே ஆள் உட்கார்ந்த இடத்தை வைத்து வந்த பேச்சு. 1789இல் பிரான்ஸ் தேசிய சபையில், மன்னருக்குத் தடுப்பதிகாரம் வேண்டும் என்றவர்கள் தலைவருக்கு வலப்புறமும், கூடாது என்றவர்கள் இடப்புறமுமாகக் கூடினார்கள். மன்னர் போனார், கேள்வி போனது, நாற்காலியின் பெயர் மட்டும் உலகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நமக்கு இது புதிதும் அல்ல. சோழர் காலம் தொட்டே இங்கே வலங்கை, இடங்கை இருந்தது. அது கொள்கை இல்லை, சாதிக் கட்டு. கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று சென்னைப் பட்டணத்தில் இரண்டு கையும் அடித்துக்கொண்டதில், 1707இல் கவர்னர் தாமஸ் பிட் தலையிட்டுத் தீர்க்க வேண்டியிருந்தது. கோமுட்டிச் செட்டி வலங்கை, பேரிச் செட்டி இடங்கை. இந்த இடதுக்கும் அந்த இடதுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சொல் மட்டும் ஒன்று.

வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்த பெரியப்பா கேட்டார், “நீ எந்தக் கட்சி கண்ணு?”

“கட்சியெல்லாம் இல்ல தாத்தா. நான் லெஃப்ட்-லிபரல்.”

“லெஃப்ட் செரி. லிபரல்னா… தாராளமயமா?”

இப்போது முகம் போனது அவருக்கு.

பெரியப்பாவின் வாழ்க்கையில் ‘தாராளமயம்’ என்ற சொல் வந்து இறங்கிய வருஷம் 1991. ஜூலை 24ஆம் தேதி மன்மோகன் சிங் வாசித்த பட்ஜெட்டிலிருந்து அதை அவர் கணக்கு வைக்கிறார். அதை எதிர்த்து மறியல் செய்து, கைதாகி, ஒரு கல்யாண மண்டபத்தில் பகல் முழுக்க அடைபட்டு, புளிசாதம் தின்று, சாயங்காலம் வெளியே வந்தவர். பிறகு மில்லும் மூடிப்போனது. தாராளமயம்தான் மில்லை விழுங்கியது என்பது அவர் தீர்ப்பு. அந்த மில் அதற்கு முன்பே நலிந்துதான் கிடந்தது, இயந்திரங்கள் அவரை விடக் கிழடு என்பது என் எண்ணம், அவரிடம் சொன்னதில்லை. எப்படியானாலும் ‘லெஃப்ட்-லிபரல்’ என்று நடுவில் ஒரு கோடு போட்டுச் சேர்ப்பது, அவர் காதுக்குக் கீரியையும் பாம்பையும் ஒரே சாக்கில் கட்டியது போல.

மகள் விடவில்லை. லிபரல் என்றால் யாரும் யாரையும் காதலிக்கலாம், யாரும் எதையும் தின்னலாம், எழுதலாம், அரசாங்கமும் ஊரும் மூக்கை நுழைக்கக் கூடாது என்று விளக்கினாள். “அது நல்ல விஷயந்தான். அதுக்கு எதுக்குச் சாமி அந்தப் பேரு?” என்றார் பெரியப்பா.

அந்தப் பெயர் அவளுக்கு அமெரிக்காவிலிருந்து செல்போன் வழியாக வந்தது. 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் லிபரல் என்றால் வியாபாரத்தில் அரசாங்கம் கையை எடு என்றவர். 1930களில் ரூஸ்வெல்ட் அதே சொல்லை எடுத்து, வேலையற்றவனுக்கு வேலையும் முதியவருக்கு ஓய்வூதியமும் அரசாங்கம் தர வேண்டும் என்ற திட்டத்துக்கு மாட்டிவிட்டார். தோற்றுப்போன ஹூவர், நான்தான் உண்மையான லிபரல் என்று புலம்பிக்கொண்டே இருந்தார். யார் கேட்டது? 1988 தேர்தலில் மூத்த புஷ், டுகாகிஸைத் திட்டுவதற்கே அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ஆஸ்திரேலியாவிலோ 1944இல் மென்சீஸ் தொடங்கிய லிபரல் கட்சிதான் அந்நாட்டின் பெரிய வலதுசாரிக் கட்சி. என் மகள் சிட்னியில் இறங்கி “நான் லிபரல்” என்றால், வலது என்றுதான் எழுதிக்கொள்வார்கள். தாத்தாவும் பேத்தியும் ஒரே கட்சி ஆகிவிடலாம்.

நம் வீட்டுத் தமிழில் லிபரலுக்கு அரசியலே கிடையாது. “அந்த மேடம் பேப்பர் திருத்துறதுல லிபரல்” என்றால் தாராளமாக மார்க் போடுவார் என்று அர்த்தம். “அவங்க வீட்ல கொஞ்சம் லிபரல்” என்றால் பெண்பிள்ளை ஏழு மணிக்கு மேல் வந்தாலும் கதவு திறக்கும்.

ஆனால் ஒரு காலத்தில் இதே சொல்லை நெற்றியில் ஒட்டிக்கொண்டு இந்த மாகாணத்தையே ஒரு கட்சி ஆண்டது. நீதிக்கட்சி என்று நாம் சொல்கிறோமே, அது அவர்கள் நடத்திய ‘ஜஸ்டிஸ்’ பத்திரிகையால் ஒட்டிக்கொண்ட பெயர். 1916இல் தியாகராயர், டி. எம். நாயர், நடேச முதலியார் மூவரும் முன்னின்று தொடங்கிய அந்த இயக்கத்தின் முறையான ஆங்கிலப் பெயர் ‘சவுத் இண்டியன் லிபரல் ஃபெடரேஷன்’. தமிழில் ‘தென்னிந்திய நலவுரிமைச் சங்கம்’. மொழிபெயர்த்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். ‘தாராள’ என்று போகாமல் ‘நலவுரிமை’ என்று போட்டார் பாருங்கள், அங்கேயே அந்தச் சொல் லண்டனை விட்டு மெட்ராசுக்குக் குடிவந்துவிட்டது. லண்டன் லிபரலுக்குத் தனிமனிதன்தான் கணக்கு. இவர்களோ அரசு வேலையைச் சமூகங்களுக்கிடையே பங்கிட வேண்டும் என்று 1921இலேயே வகுப்புவாரி ஆணை போட்டவர்கள்.

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. 1918இல் காங்கிரசை விட்டு விலகிய மிதவாதிகளும் தங்களை லிபரல் என்றே அழைத்துக்கொண்டார்கள். நம்மூர் சீனிவாச சாஸ்திரியாரும் சிவசாமி ஐயரும் அவர்களில் முக்கியமானவர்கள். ஒரே ஊரில் இரண்டு லிபரல். ஒன்று பிராமணரல்லாதார் கட்சி, இன்னொன்றின் முகமே பிராமண வக்கீல்களும் அறிஞர்களும். தபால்காரர் குழம்பியிருப்பார். பொப்பிலி ராஜா போன்ற ஜமீன்தார்கள் இருந்த அந்த முதல் லிபரல் கட்சியின் தலைமை, 1932இல் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சமதர்மம் பேசிய பெரியாரிடம் போய்ச் சேர்ந்தது. 1944 சேலம் மாநாட்டில் அது திராவிடர் கழகம் ஆனது. லிபரல் என்ற சொல் கழன்று விழுந்தது. தேடி எடுக்க ஒருவரும் வரவில்லை.

இதையெல்லாம் நான் அளந்துகொண்டிருந்தபோது மகள் இடைமறித்தாள். “நீ படிச்ச காலத்துலயாவது வார்த்தைக்கு ஒழுங்கா அர்த்தம் இருந்துச்சா?”

இருந்ததா? எங்கள் சரித்திரப் புத்தகத்தில் காங்கிரசில் இரண்டு பிரிவு: மிதவாதிகள், தீவிரவாதிகள். 1907 சூரத் மாநாட்டுக்கு இங்கிருந்து போன வ.உ.சி.யும் பாரதியும் இரண்டாவது பிரிவு. “பாரதியார் ஒரு தீவிரவாதி” என்று பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கினேன். வாத்தியார் மார்க் போடுவதில் லிபரல் அல்லர். சரியான விடைக்குத்தான் போட்டார். இன்று அதே வாக்கியத்தை என் மகள் செல்போனில் பதிவாகப் போட்டால் ராத்திரிக்குள் வீட்டு வாசலில் ஆள் நிற்பார்கள். சொல்லில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அதனால்தான் இப்போதெல்லாம் யாராவது தன்னை லிபரல், இடது, முற்போக்கு என்று சொன்னால் எனக்கு வருஷத்தைக் கேட்கத் தோன்றுகிறது. எந்த வருஷத்து இடது? யாருக்கு எதிரே உட்கார்ந்த லிபரல்? கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள். முற்போக்கு என்பவரிடம் நான் கேட்பதே இல்லை. அது கல்யாண வீட்டுப் பன்னீர், வருகிறவர் மேலெல்லாம் தெளிப்பார்கள்.

கிளம்பும் அன்று காலை மகள் பெரியப்பாவிடம், “வலதுன்னு உங்களுக்கு யார் தாத்தா பேர் வெச்சது?” என்று கேட்டாள். “பிரிஞ்சு போனவங்கதான். மொதல்ல கேட்டாக் கோவம் வரும். அப்புறம் யாராவது கேட்டா நானே சொல்ல ஆரம்பிச்சுட்டேன். இல்லீன்னா எந்தக் கம்யூனிஸ்ட்டுன்னு மறுபடி கேப்பாங்க.” பீரோவைத் திறந்து, ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த கட்சி அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். கட்சியின் பெயர் இருந்தது, சந்தா கட்டியது இருந்தது. வலது என்று எங்கும் இல்லை.