நெக்குருகுதல்

வெள்ளிக்கிழமைதோறும் தோட்டத்துக் கோயிலில் நம் பிள்ளைகள் திருவாசகம் ஓதக் கேட்டு மகிழ்கின்றோம். அதில் ‘நெக்கு’ என்றொரு சொல் வருகின்றது. அதன் பொருள் யாதென ஐந்தாம் ஆண்டு மாணவரை வினவினோம். ‘உருகி’ என்றான் ஒருவன். அது தவறன்று, ஆயினும் முழுமையும் அன்று.

பனிக்கட்டி உருகும், உப்பு கரையும், நெய் இளகும், சோறு குழையும். ‘நெக்கு’ இவற்றினும் வேறானது. அதன் வேர் ‘நெகு’. ‘புகு’ என்பது ‘புக்கு’ எனவும், ‘மிகு’ என்பது ‘மிக்கு’ எனவும் ஆவதுபோல, ‘நெகு’ என்பதும் தன் ஒற்று இரட்டித்து ‘நெக்கு’ ஆயிற்று. கட்டுத் தளர்தல் என்பதே அதன் அடிப்படைக் கருத்து. ‘நெகிழ்’ என்பது அதன் உடன்பிறப்பு. சங்கப் பாடல்களில், பிரிவால் மெலிந்த தலைவியின் கைவளை நெகிழ்ந்து கழலும். அங்கே வெப்பம் இல்லை, பிடிதான் தளர்கின்றது. நெஞ்சின் இறுக்கம் முதலில் தளர, அதன்பின் உருகுவதே நெக்குருகுதல்.

அறிவியலும் இதற்கு இயைந்தே நிற்கின்றது. பனிக்கட்டியில் நீரின் துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியுள்ளன. 0 பாகை செல்சியசில் வெப்பத்தால் அப்பிடி தளர, கட்டி நீராகின்றது. இன்று பிளாஸ்டிக்கிற்கு வழங்கும் ‘நெகிழி’ என்னும் புதுச்சொல்லும் இக்குடும்பத்தில் பிறந்ததே.

‘நெக்குவிடுதல்’ என்றால் பிளவுபடுதல். ஔவையார் நல்வழியில் இதனை ஆள்கின்றார். கடப்பாரைக்குப் பிளவாத பாறையும் பசுமரத்தின் வேருக்குப் பிளந்து வழிவிடும் என்பது அவர் காட்டும் உவமை. வன்சொல் இன்சொல்லை வெல்லாது என்பது கருத்து. பாறையைப் பிளந்து நிற்கும் மரங்களைக் கண்டு பழகிய தோட்டத்துப் பெற்றோருக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

நம் ஆசிரியப் பணியில் நாம் கண்டதும் இதுவே. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை பிரம்பைக் கண்டால் மேலும் இறுகுகின்றான். அருகமர்ந்து மும்முறை சொல்லித் தந்தால், நான்காம் முறை தானே சொல்கின்றான். ‘மக்கு’ என்று வீட்டில் ஒருமுறை ஏசப்பட்டவனோ, வகுப்பில் பல நாள் வாய் திறப்பதில்லை.

பெற்றோர்களே! வேலைக்காட்டிலிருந்து நீங்கள் களைத்து வருவதை நாம் அறிவோம். எனினும் பிள்ளையின் ஏட்டைப் பார்க்கும் அக்கால்மணி நேரம் கடப்பாரையாக வேண்டா, வேராக இருங்கள். ‘மக்கு’ என்னும் சொல்லை மறப்போம். ‘நெக்கு’ என்னும் சொல்லைக் கற்போம்.