பிளேட்டுக்குத் தெரியாதது

சிறுநீரில் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் மேசைக்கு வேலை பழக வருகிறவர்களுக்கு முதலில் லூப் பிடிக்கத்தான் சொல்லிக்கொடுப்பேன். ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு எடுக்கும் கம்பி வளையம் அது. பழுக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, செங்குத்தாகப் பிடித்து, சிறுநீரின் மேல்மட்டத்தை ஒட்டித் தொட்டு எடுக்கவேண்டும். சாய்த்து அமுக்கினால் கூடுதலாக ஏறும். சூடு ஆறாவிட்டால் கிருமி செத்துவிடும். இரண்டிலும் கணக்குப் பிசகும். கிருமி வளர்க்கும் சி.எல்.இ.டி. பிளேட்டில் நடுவே ஒரு கோடு, அதன் குறுக்கே நெருக்கமாக இழுப்பு, 37 டிகிரியில் ஓர் இரவு. மறுநாள் நூறு காலனி இருந்தால் மில்லிக்கு ஒரு லட்சம் கிருமி. 1956இல் பாஸ்டனில் மருத்துவர் எட்வர்ட் காஸ் முன்வைத்த இந்த லட்சக் கணக்கு இன்றும் எங்கள் மேசையில் புழங்குகிறது.

லூப்புக்கு முன்னால் சாம்பிள் சரியாக இருக்கவேண்டும். எங்கள் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்திலிருந்து சித்திரை வெயிலில் பையில் வைத்துக் கொண்டுவரும் டப்பாவுக்குள் கிருமி பெருகிக்கொண்டே இருக்கும். ஈ.கோலி வாய்ப்பான சூட்டில் இருபது நிமிடத்துக்கொரு முறை இரட்டிக்கும். வரதராஜப் பெருமாள் கருட சேவை நாளில் தெருவெல்லாம் கூட்டம். சாம்பிள் தாமதமாகத்தான் வரும். அதனால் எடுத்த நேரத்தை டப்பாவிலேயே எழுதச் சொல்வேன். இரண்டு மணி நேரத்துக்குள் பிளேட்டில் போடவேண்டும், இல்லையென்றால் ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வைக்கவேண்டும். முழங்கால் வலியால் குந்த முடியாத பாட்டிக்கு, கழுவிவிட்டு நடுநீர் பிடிக்க மகளோ மருமகளோ உதவவேண்டும். மூன்று வகைக் காலனி கலந்து வளர்ந்தால் புதுச் சாம்பிள் கேட்பதே முறை.

எனக்குத் தொழில் பழக்கிய சார் ஒருநாள் என் பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரே வகை மஞ்சள் காலனி, லட்சத்துக்கு மேல். நெசவுக்குத் தார் சுற்றும் ஒரு பாட்டியின் சாம்பிள். “பாட்டிக்கு என்னம்மா தொந்தரவு?” என்றார். படிவத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. வீட்டுக்குப் போன் போட்டோம். காய்ச்சல் இல்லை, நீர்க்கடுப்பு இல்லை, இடுப்புவலி இல்லை. நாற்றம் அடிக்கிறதென்று மகன் டெஸ்டுக்குக் கொடுத்திருந்தார். “கிருமி இருக்குன்னு பிளேட் சொல்லுது. நோய் இருக்கான்னு அதுக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு, டாக்டரிடம் அவரே பேசினார். மருந்து எழுதவில்லை. பாட்டி வழக்கம்போல தார் சுற்றினார்.

வயதானால் இப்படித் தொந்தரவில்லாமல் கிருமி இருப்பது சகஜம். சிறுநீர்ப்பையில் நீர் முழுதும் வடியாது. ஆண்களுக்குப் பிராஸ்டேட் தடுக்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் அவ்விடத்துக் காப்பு குறையும். முதியோர் இல்லங்களில் இருக்கும் பெண்களில் 25 முதல் 50 சதவீதம் பேருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே கிருமி இருக்கும். நெடுநாள் கத்தீட்டர் போட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். ஸ்லைடில் சீழ் செல் தெரிவதை மட்டும் வைத்தும் தொற்று என்று முடிவுகட்ட முடியாது. அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2019 வழிகாட்டலும் தொந்தரவு இல்லாத முதியவர்களுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்கிறது. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் ரத்தம் கசியக்கூடிய சிகிச்சைக்குப் போகிறவர்களும் விதிவிலக்கு. பெரியவர் திடீரென்று குழம்பிப் பேசினாலோ கால் இடறி விழுந்தாலோ உடனே பழியைச் சிறுநீர் மேல் போடுவார்கள். காய்ச்சலோ கடுப்போ இல்லையென்றால் நீர் வற்றியிருக்கிறதா, புது மாத்திரை சேரவில்லையா, சர்க்கரை இறங்கிவிட்டதா என்பதைத் தேடவேண்டும்.

தேவையில்லாத மருந்து வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கும். பிறகு உண்மையான தொற்று வரும்போது, மாத்திரையில் முடியவேண்டியது ஊசியில் போய் நிற்கும். மியுல்லர் ஹின்டன் பிளேட்டில் மருந்து டிஸ்கைச் சுற்றி வளையமே விழாத, மருந்துக்கு அடங்காத ஈ.கோலியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்ற சென்சிட்டிவிட்டி பட்டியல் கைக்கு வந்துவிட்டால் மருந்து எழுதத்தான் தோன்றும். ஆகவே கடுப்பு உண்டா, காய்ச்சல் உண்டா, கத்தீட்டர் உண்டா என்று அதற்கு முன்பே கேளுங்கள். படிவத்தில் அந்த இடம் காலியாக வந்தால், சாம்பிளை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு முதலில் போனை எடுங்கள். லூப் அதற்கப்புறம்.