வாத்தியம் தெரியாத கச்சேரி

படத்தின் பெயர் 'தூய்லரி தோட்டத்தில் இசை'. எவ்வளவு துழாவினாலும் ஒரு குழலோ முரசோ கண்ணில் படாது. 1862-இல் பாரிஸின் இந்த அரண்மனைத் தோட்டத்தில் வாரம் இருமுறை பாண்டு வாசிப்பு உண்டு; ஊரின் நாகரிகமெல்லாம் அங்கே கூடும். முப்பது வயது எதுவார் மானே கூட்டத்தை வரைந்தார், வாசிப்பவர்களை விட்டுவிட்டார். கேட்பவர்களாவது இருக்கிறார்களா என்றால், அதுவும் சந்தேகம்தான்.

இடப்பக்கம், முன்னால், மஞ்சள் உடுப்பில் இரண்டு சீமாட்டிகள். தொப்பி நாடாவைத் தாடைக்கடியில் பெரிதாக முடிந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னே உயரத் தொப்பி, கறுப்புக் கோட்டு, மறுபடி உயரத் தொப்பி. மேலே மரங்களின் பச்சை கவிந்து, நடுவில் ஒரு துண்டு வானத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. வலது ஓரத்தில் ஒருவர் தொப்பியைக் கழற்றி யாருக்கோ வணக்கம் வைக்கிறார். மரத்தடியில் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பவர் இசையமைப்பாளர் ஆஃபன்பாக். தலைப்புக்கு இருக்கிற ஒரே சாட்சி! கவிஞர் போதலேர் வெறும் ஒரு தீற்றல். தெரிந்தவர்கள் சொன்னால்தான் தெரியும்.

நாற்காலிகளின் கதை வேறு. மர நாற்காலிகள் போய் இரும்பு நாற்காலிகள் வந்த புதிது. அவற்றின் வளைவு நெளிவுகளில் மானே காட்டிய அக்கறை பல முகங்களுக்குக் கிடைக்கவில்லை.

வெள்ளைக் கவுனில், இடுப்புப் பட்டையைப் பின்னால் முடிச்சிட்டபடி, இரண்டு சிறுமிகள் தரையில் மண்ணை அளைந்துகொண்டிருக்கிறார்கள். இத்தனை கூட்டத்தில் உண்மையாகவே பொழுதுபோக்குபவர்கள் அவர்கள்தான். பெரியவர்கள் பார்க்கப்படுவதற்காக வந்திருக்கிறார்கள். அதற்கு நிமிர்ந்தே இருக்க வேண்டும், லேசான வேலையா?

மானேயும் இருக்கிறார், இடது விளிம்பில், சட்டம் பாதி உடலை வெட்டிவிட்ட நிலையில். கூட்டத்தில் ஒருவர், ஆனால் எந்நேரமும் நழுவிவிடக்கூடிய இடம்.

1863-இல் பாரிஸில் படம் காட்சிக்கு வந்தபோது, முகம் முடியவில்லை, வண்ணம் தெறிக்கிறது என்று ஒரே கூச்சல். இதை இன்னும் தொங்கவிட்டால் கைவைத்துவிடுவேன் என்று ஒரு ரசிகர் மிரட்டியதாகப் பின்னாளில் எழுத்தாளர் எமில் ஸோலா எழுதினார். தோட்டத்துக்குப் போயிருந்தால் அந்த மனிதரும் தொப்பியோடு படத்தில் ஏறியிருப்பார்.