எப்போதாவது பறக்கிறவள்

சிங்கப்பூரில் ஒரு தமிழ்க் கருத்தரங்கு. சென்னை விமான நிலையத்தில் என் பெட்டியை எடை போட்ட பெண், "மேடம், மெம்பர்ஷிப் நம்பர் இருக்கா?" என்று கேட்டார். முன்பு கணவர் ஏதோ பதிவு செய்த நினைவு. ஃபோன் செய்தேன். "இருந்துச்சும்மா. மைல் எல்லாம் காலாவதி ஆயிடுச்சுன்னு மெயில் வந்தது. உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றார்.

கணக்கு என் பெயரில்தான். ஆனால் மின்னஞ்சல் அவருடையது, கைபேசி எண்ணும் அவருடையது. அவர் கெட்டவர் இல்லை. டிக்கெட் போடும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார், நானும் நிம்மதியாக விட்டுவிட்டேன்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். மூன்று முறை போய் வந்து சேர்த்த மைல்கள், நான் எங்கும் போகாத நான்கு ஆண்டுகளில் அழிந்திருந்தன. மகளின் பிளஸ் டூ, மாமியாரின் பக்கவாதம் என்று கழிந்த ஆண்டுகள் அவை. வந்த அழைப்புகளுக்கெல்லாம் "இம்முறை இயலவில்லை" என்று பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியபோது மனதில் இருந்தவர் அடிக்கடி பறக்கும் பயணி. இன்றும் வெள்ளி, தங்கம் என்ற படிகள் அவருக்கானவை. மாதம் இரண்டு முறை ஒருவரால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடிகிறதென்றால், பெரும்பாலும் வீட்டில் அடுப்பையும் நோயாளியையும் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருக்கிறார். அந்த இன்னொருவருக்கு மைல் கிடையாது.

ஊர் திரும்பியதும் புதுக் கணக்கு ஒன்றைத் தேட உட்கார்ந்தேன். தங்க அட்டை எனக்கு வரப்போவதில்லை. என் வாழ்க்கையின் இடைவெளிகளைத் தாங்குமா என்று மட்டும் பார்த்தேன். ஏர் இந்தியாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருக்கின்றன. கூட்டணியில் ஒரு நிறுவனத்தில் பறந்து, இன்னொன்றின் கணக்கில் மைல் சேர்க்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல்களுக்கு ஆயுள் 3 ஆண்டுகள். அதே கூட்டணியிலுள்ள யுனைடெட், தன் மைலேஜ்பிளஸ் மைல்களுக்கான காலாவதியை 2019இல் நீக்கிவிட்டது. யுனைடெட் விமானத்தில் நான் ஏறியதே இல்லை. ஆனாலும் அதில்தான் சேர்ந்தேன். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மலிவு டிக்கெட்டுகளில் சில வகைகளுக்கு மைல் குறைவு, சிலவற்றுக்கு இல்லவே இல்லை. பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

கணக்கிலும் டிக்கெட்டிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். என் பட்டச் சான்றிதழ்களில் அப்பாவின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் கணவரின் பெயர். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதினேன். பெயருக்கு முன்னால் போடும் பட்டியலில் மிஸ், மிஸஸ் என்பவற்றோடு 'டாக்டர்' என்றும் இருந்தது. அதைத் தேர்ந்தேன். என் மின்னஞ்சல், என் எண். குறியீடு என் கைபேசிக்கு வந்தது.

முதல் வெளிநாட்டுக் கருத்தரங்குக்குக் கிளம்பும் ஆய்வு மாணவிகளிடம் இப்போது சொல்கிறேன்: "உன் பேர்ல இருந்தா மட்டும் போதாதும்மா. யாரோட ஃபோன் நம்பர் கொடுத்திருக்குன்னு பாரு."

என் கணக்கில் இருப்பது ஒரு டிக்கெட்டுக்குப் போதாது. மாமியாருக்கு நடை இன்னும் சரியாகவில்லை. அடுத்த பயணம் எப்போது என்று தெரியாது. அதுவரை அந்த மைல்கள் அங்கேயே இருக்கும்.