புதுக்காளையை எடைபோடுவது: மதுரையிலிருந்து ஒரு கடிதம்

மதுரை, தை மாதம்

நண்பா,

இங்கிலாந்தின் தடை தாண்டும் குதிரைப் பந்தயத்தைப் பற்றிப் போன கடிதத்தில் நிறைய எழுதியிருந்தாய். ஒரு பருவம் தொடங்கும்வரை தடை ஓட்டத்தில் ஒருமுறைகூட ஜெயிக்காத குதிரைக்கு அங்கே 'நாவிஸ்' என்று பெயராம். செல்ட்டன்ஹாமில் மார்ச் மாதத் திருவிழாவின் முதல் ஓட்டமே அந்தப் புதுக்குதிரைகளுக்கானதாம். எது தேறும், எது தேறாது என்று எடைபோடுவதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஜல்லிக்கட்டுப் புதுக்காளையை இப்படி எடைபோட வழி உண்டா என்று கேட்டிருந்தாய். ஏன் கேட்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். பொள்ளாச்சிப் பக்கம் 200 மீட்டர், 300 மீட்டர் ரேக்ளாவுக்கு மாடு பழக்கியவன் நீ. இப்போது வாடிக்கு ஒரு கன்று வாங்கிக் கட்ட ஆசை வந்திருக்கிறது.

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பரிசு வாங்கிய காளைகளைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பாய். முதல்முறையாக வாடிவாசலைப் பார்த்த மாடுகளைப் பற்றித்தான் நான் எழுதப் போகிறேன்.

இங்கிலாந்தில் புதுக்குதிரைக்கும் ஒரு ஏடு உண்டு. தடைக்குப் போகுமுன் பெரும்பாலும் தடையில்லாத 'பம்பர்' ஓட்டத்தில் அதை ஓடவிட்டுப் பார்த்திருப்பார்கள். எத்தனையாவதாக வந்தது, ஈரத்தரையில் எப்படி ஓடியது என்பதெல்லாம் அச்சில் இருக்கும். இங்கே புதுக்காளை வாடிக்கு வரும்போது அதன் கூட வருவது கால்நடை மருத்துவர் கொடுத்த தகுதிச் சான்றும் டோக்கனும் மட்டும்தான். நாட்டினமா, மூன்று வயது ஆகிவிட்டதா, உயரம் 120 சென்டிமீட்டர் இருக்கிறதா, காயம் நோய் எதுவும் இல்லையா என்று பார்த்து எழுதிய தாள் அது. மாட்டின் மனசைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இருக்காது.

ஆனால் ஏடு இல்லாததுதான் புதுக்காளையின் பெரிய பலம். இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. பேர்போன காளை என்றால் அது வாடியை விட்டு எந்தப் பக்கம் திரும்பும், எத்தனையாவது எட்டில் தலையைத் தாழ்த்தும் என்பதெல்லாம் பிடிக்கிற பையன்களுக்கு அத்துப்படி. யூடியூபில் போன வருட ஓட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்கள். புதுமாடு வரும்போது வாடியை ஒட்டி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் ஒரு நொடி தயங்குவான். திமிலை மட்டும்தான் பிடிக்கலாம். மூன்று துள்ளலோ, 15 மீட்டரோ, 30 விநாடியோ தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது விதி. அவ்வளவு குறுகிய தூரத்தில் அந்த ஒரு நொடித் தயக்கமே மாட்டுக்கு வெற்றியைக் கொடுத்துவிடும். மைக்கில் 'மாடு வெற்றி' என்பார்கள். அடுத்த வாரமே அந்த மாட்டுக்கு விலை ஏறிவிடும். முதல் வருட வெற்றியை நம்பி மாடு வாங்குகிறவன் பாதி தெரியாமல்தான் வாங்குகிறான். இரண்டாம் வருடம் அது யார், எப்படி என்று பையன்களுக்குத் தெரிந்த பிறகு எப்படி வெளியே வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். உண்மையான சோதனை அங்கேதான் இருக்கிறது.

பாலமேட்டில் மஞ்சமலை ஆற்றுத் திடலில் ஒரு செவலையைப் பார்த்தேன். கொம்பு இன்னும் முழுதாக வளையவில்லை. வாடி விளிம்பு வரை வந்தது, நின்றது. கீழே பரப்பியிருந்த தேங்காய் நாரை மோந்து பார்த்தது. இரண்டு காதும் முன்னால் நீண்டு விறைத்து நின்றன. எதிரே வரிசையாகப் பனியன் போட்ட ஆட்கள், மேலே மேடை முழுக்கக் கூச்சல். சட்டென்று உடம்பைத் திருப்பி, வந்த வழியே உள்ளே போகப் பார்த்தது. இது தேறாது என்று பக்கத்தில் ஒருவர் சொல்லி முடிக்கவில்லை, மாடு மறுபடி திரும்பி, ஒரே தாவில் முன்னால் நின்றவனைத் தாண்டிப் போய்விட்டது. கூட்டம் கை தட்டியது. எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. பின்னாலேயே மாடு பிடித்துக் கட்டும் இடத்துக்கு நடந்து போனேன். நுரை தள்ள நின்ற அந்த மாடு, வளர்த்த பெண் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் காதைத் தளர்த்தியது. இரண்டு தரம் சுற்றிவிட்டுத் தானாக வந்து கயிற்றுக்குக் கழுத்தைக் கொடுத்தது. எதிர்காலம் உள்ள மாடு என்று நான் நினைத்தது அப்போதுதான். பயந்தது, ஆனால் பயம் அதை விட்டு இறங்கிவிட்டது. முதல் வாடியில் ஜெயித்துவிட்டு வழி தெரியாமல் வயக்காட்டில் ஓடிக் கிணற்றில் விழுந்த மாடுகள் இந்தப் பக்கம் உண்டு. பஸ்ஸிலும் ரயிலிலும் அடிபட்டவையும் உண்டு.

அலங்காநல்லூர் போகும் வழியில் ஒரு தோப்பில் கன்று பழக்குகிற பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். நாலு பல் போட்ட மயிலை ஒன்றைத் தென்னை மரத்தில் கட்டியிருந்தார். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து மாட்டின் பக்கவாட்டில் வீசினார். கன்று துள்ளவில்லை. தலையைத் திருப்பி, துண்டு விழுவதைப் பார்த்தது. உடனே கண்ணை எடுத்து அவரைப் பார்த்தது.

"பாத்தீங்களா தம்பி? துண்டையே பாத்துக்கிட்டு நின்னா அது ஓட்ட மாடு. வீசுன ஆளைத் தேடுச்சுன்னா நின்னு பாக்குற மாடு. ரெண்டும் வேணும். ரெண்டும் பாக்காம கயித்த அத்துக்கிட்டுப் போகுது பாருங்க, அதத்தான் வாங்கக் கூடாது."

கொம்பையோ திமிலையோ அவர் பேச்சில் எடுக்கவே இல்லை. திமில் சாப்பாட்டில் வரும், கொம்பு பிறவியில் வரும் என்றார். கண்ணும் காதும் எங்கே போகிறது என்பதைத்தான் ஒவ்வொரு மாட்டிலும் பார்க்கிறார். நீயும் வண்டியில் பூட்டுமுன் இளமாட்டின் காதைத்தான் பார்ப்பாய் என்பது நினைவுக்கு வந்தது.

சுழியைப் பற்றிக் கேட்டேன். கோபுரச் சுழி நல்லது, ஏறு பூரான் நல்லது, இறங்கு பூரான் ஆகாது, பாடைச் சுழி வீட்டுக்கே ஆகாது என்று சந்தையில் விலை கூடுவதும் குறைவதும் உனக்குத் தெரியும். பெரியவர் மறுக்கவில்லை; அவரும் சுழி பார்த்துத்தான் கட்டுகிறார். ஆனால், "சுழி மாட்டுக்கு இல்ல தம்பி, வாங்குறவன் மனசுக்கு" என்றார். என் கருத்தும் அதுதான். சுழி சரியில்லை என்று நல்ல கன்று ஒன்று குறைந்த விலைக்கு வந்தால், தயங்காமல் வாங்கு.

அடுத்து, கன்று எங்கே பிறந்தது என்பது. இந்தச் சமவெளியின் சொந்த மாடு புலிக்குளம். சிவகங்கை மாவட்டத்துப் புலிக்குளத்தின் பேரைத் தாங்கிய இனம். மானாமதுரையில் இதற்கென்று ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பண்ணையில் ஒற்றையாகக் கட்டி வளர்ப்பதல்ல இது. கிடைமாடு. அறுவடை முடிந்த வயலில் இரவு கிடை போடுவார்கள். சாணத்துக்காக வயல்காரர் நெல்லோ பணமோ கொடுப்பார். பகலில் கண்மாய்க் கரை, தரிசு, மலையடிவாரம் என்று மேய்ச்சல். பாலுக்காக வளர்ப்பதில்லை, ஆகவே கன்று வயிறாரக் குடிக்கும். மனிதன் கை அதிகம் படாமல் மந்தையோடு வளர்கிறது. அதனால்தான் அறிமுகமில்லாத ஆள் கிட்டே வந்தால் அதற்குப் பொறுக்காது. இந்தச் சுபாவத்தைப் பிறகு யாரும் ஊட்ட முடியாது. காங்கேயம் நம் ஊர் மாடு, எனக்கும் அதன்மேல் தனிப்பாசம் உண்டு. உருவத்தில் புலிக்குளத்தைவிடப் பெரிது. ஆனால் வாடியைவிட்டு வெளியே வந்த அந்த முதல் நாலு எட்டில் சின்ன உடம்பு சீக்கிரம் திரும்புகிறது.

கிடையில் கன்று பார்க்கப் போனால் முதலில் தாயைப் பார். நீ நெருங்கும்போது தாய் மந்தைக்கு நடுவே ஒதுங்குகிறதா, கன்றுக்கு முன்னால் வந்து நிற்கிறதா என்று கவனி. கிடைக்காரர்கள் பொலிகாளையைப் பற்றித்தான் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ, தாய் நிற்கிற நிலைதான் அதிகம் சொல்கிறது.

புதுமாடு என்றால் இளங்கன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2017-ஐ நினைத்துப் பார். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் பிள்ளைகள் போராட்டத்தில் உட்கார்ந்த பிறகு அதை அனுமதிக்கும் சட்டம் வந்தது. பிப்ரவரியில் வாடி திறந்தது. நடுவே மூன்று வருடம் போய்விட்டது. 2014-ல் மூன்று வயதில் தயாராக இருந்த கன்றுக்கு வாடி திறந்தபோது ஆறு வயது. உடம்பால் முழுக்காளை, அனுபவத்தில் புதுமாடு. அதற்குள் அடிமாட்டுக்குப் போனவை எத்தனையோ. அந்தச் சமயத்தில் விற்காமல் கட்டிக் காப்பாற்றிய வீடுகளில் மாடு ஜெயித்ததா தோற்றதா என்று நான் கேட்பதே இல்லை. 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டதால் இன்று கன்று வாங்குகிறவனுக்குத் தடை பற்றிய பயம் இல்லை. அதுவரை பொறுத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

என் மனதில் ஒரு குறை இருக்கிறது. மேலூர், சிவகங்கைப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, சின்ன மாடு என்று பிரித்து, இளசுகளுக்குப் பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று தனிப் பிரிவு வைக்கிறார்கள். இளமாடு தன் வயசு மாட்டோடு ஓடிப் பழகும். நீ சொன்ன புதுக்குதிரை ஓட்டமும் அதே ஏற்பாடுதான். ஜல்லிக்கட்டில் மட்டும் புதுசு பழசு என்ற பாகுபாடே இல்லை. கோயில் காளைகள் போன பிறகு, பத்து வாடி பார்த்த மாட்டுக்குப் பின்னாலேயே நாலு பல் கன்றும் அவிழ்கிறது. அண்மை ஆண்டுகளாக ஒரு காளைக்கு இந்த மூன்று ஊரில் ஏதாவது ஓர் ஊரில்தான் அனுமதி. நெரிசலைக் குறைக்க அது சரியான ஏற்பாடு. ஆனால் இந்த ஊர்களைப் பொறுத்தவரை புதுக்காளைக்கு ஆயிரம் பேர் கத்துகிற அந்த ஒரே வாசல்தான் வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கிறது. அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரையில் 2024 ஜனவரியில் திறந்த ஏறுதழுவுதல் அரங்கத்தைப் பார்த்தபோது, இங்கே முதல் வருடக் காளைகளுக்கு மட்டும் ஒரு நாள் ஒதுக்கினால் என்ன என்று தோன்றியது. கூட்டம் குறைவாக, பிடிக்கிறவர்களும் புதியவர்களாக. மாட்டுக்கும் நல்லது, முதல்முறை இறங்குகிற பையன்களின் தாய்மாருக்கும் நிம்மதி. ஒவ்வொரு வருடமும் உயிர்கள் போகின்றன. அதைக் குறைக்கிற எந்த யோசனையையும் ஒதுக்கிவிடக் கூடாது.

வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' நாவலில் எல்லோருக்கும் நினைவிருப்பது காரி. அது பேர்போன மாடு. பேரில்லாத மாட்டைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இந்தக் கடிதம் இத்தனை நீண்டதற்கு அதுவும் காரணம்.

தீவனத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பருத்திக்கொட்டை, உளுந்து, புண்ணாக்கு எல்லாம் சரிதான்; ஆனால் காட்சிக்காகச் சதை ஏற்றிவிடாதே. இங்கே கண்மாயில் நீச்சல் விடுகிறார்கள், தினம் நடத்துகிறார்கள், மண்மேட்டைக் குத்தவிடுகிறார்கள். தோட்டத்தில் மாதிரி வாடி கட்டிப் பழக்குகிறவர்களும் உண்டு. அந்தச் சந்து வழியே பயமில்லாமல் நடந்து வெளியே வரப் பழக்குவதுதான் இவற்றில் முக்கியம் என்பது என் முடிவு. வாடிக்குள் அடைபட்டுப் பயந்துபோன மாட்டை வெளியே எத்தனை பழக்கினாலும் திருத்துவது கஷ்டம்.

மாடு வாங்குவதைப் பற்றிச் சொல்கிறேன், கேள். தை மூன்றாம் நாள் அலங்காநல்லூரில் பார்த்த மாட்டை அந்தச் சூட்டில் விலை பேசாதே. போனில் வந்த வீடியோவைப் பார்த்து முன்பணம் அனுப்பாதே. மே மாதம் வரை புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் சின்னச் சின்ன ஊர்களில் வாடி திறந்துகொண்டே இருக்கும். அங்கே இரண்டாவது முறை அவிழ்கிற மாட்டைப் பார். கன்றாகவே வாங்குவதென்றால் பங்குனியில் இங்கே வா, மானாமதுரைப் பக்கம் கிடை கிடையாகக் கூட்டிப் போகிறேன். வாங்கிய முதல் வருடம் வாடிக்குக் கொண்டுபோகவே கொண்டுபோகாதே. வீட்டில் உன் மனைவியும் பிள்ளைகளும் கூப்பிட்டால் அது வர வேண்டும். அதற்குப் பிறகு டோக்கனுக்கு எழுதிப் போடு.