மாமனின் மோட்டார் வண்டி

காஞ்சிபுரத்தினின்று வாலாஜாபாத்திற்குச் செல்லும் சாலையில் உள்ளது எம் ஊராகிய ஐயம்பேட்டை. வைகறையில் அங்குச் செல்வோர், தெருவின் நீளத்திற்குப் பட்டுப் பாவை விரித்துக் கட்டி இழையிழையாய்ச் சீர்செய்யும் நெசவாளரைக் காண்பர். எம் தாயின் தம்பியாகிய மாமன், இளமையில் ஜக்கார்டு தறிகளுக்கு அட்டை குத்திக் கொடுத்து வந்தவர். அத்தொழிலில் வரும்படி குறையவே, அத்தையின் நகைகளை அடகு வைத்துப் பழைய ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கினார். கலியாணப் பட்டு எடுக்க வருவோரையும் விமான நிலையம் செல்வோரையும் ஏற்றிச் சென்று குடும்பத்தைத் தாங்கி வந்தார். அவ்வண்டியின் கணினி பழுதுற்றதும், அது மாற்றப்பட்டதுமாகிய வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம். தமிழ் பயில்வார்க்கு இஞ்சினைப் பற்றி என்ன பேச்சு என நண்பர் சிலர் நகைப்பர், நகைக்கட்டும்.

2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வருவதாக அறிவிக்கப்பட்டது. விடுதியில் தனித்திருக்க மனமின்றி, எம்மை ஊருக்கு அழைத்துச் செல்லுமாறு மாமனுக்குத் தொலைபேசியிற் கூறினோம். அவர் வேண்டாவென்று ஒரு சொல்லும் சொல்லாது வந்தார். வருவதற்குள் மழை வலுத்துவிட்டமையால், தாம்பரத்தையடுத்த தாழ்ந்த தெருவொன்றில் உறவினர் இல்லத்தில் தங்கினோம். 30-ஆம் நாள் இரவு புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. எம் தெருவில் நீர் ஏறி, வண்டியின் இருக்கைகளின் அடிவரை நின்றது.

மறுநாள் அட்வெந்து காலத்து முதல் ஞாயிறு. நீர் வடிந்திருந்தது. மாமன் வண்டியின் கதவைத் திறந்து பார்த்து, "தம்பி, எதையும் தொடாதே. இழுத்துச் செல்லும் வண்டியை அழைத்து வருகிறேன்," என்று சொல்லிப் போயினார். அவர் தலை மறைந்ததும் எமக்கோர் எண்ணம் எழுந்தது. வண்டிக்கு உயிர் இருக்கிறதா என அறிந்து அவருக்கு நற்செய்தி சொல்லலாமே! பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினோம். விளக்குகள் எரிந்தன, எச்சரிக்கைக் குறிகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றின, சிறிது கருகல் நாற்றம் எழுந்தது, பின்பு யாவும் இருண்டன. கதவை மூடிவிட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தோம். மாமன் திரும்பியபோது ஒன்றும் கூறினோமில்லை.

ஹைபிரிட் வண்டியின் இயல்பை ஒருவாறு கூறுதல் வேண்டும். 1997-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா ப்ரியஸ், பெருவாரியாகச் செய்யப்பட்ட இவ்வகைக் கார்களுள் முதலாவது. இதிற் பெட்ரோல் இஞ்சினும் மின் மோட்டாரும் உள. மெல்லச் செல்லுங்கால் மோட்டார் மட்டும் இழுக்கும். வேகம் வேண்டுங்கால் இஞ்சின் துணை வரும். பிரேக் பிடிக்குங்கால் வீணாகும் விசை மின்சாரமாகி மீண்டும் பாட்டரியிற் சேரும். எது எப்போது இயங்குவதென்பதை ஓட்டுவோர் தீர்மானிப்பதில்லை. கணினிகள் தம்முட் பேசித் தீர்மானிக்கின்றன. அவற்றுள் இஞ்சினுக்கு உரியது ஒன்று. உள்ளங்கையினும் சற்றுப் பெரிய அலுமினியப் பெட்டி. அதற்குள் ஒரு பச்சைப் பலகை. நனைந்த பலகை மின்சாரம் பாயாதிருக்குமளவும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். உலர்த்தித் துடைத்துக் காப்பாற்றலாம். ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தாலோ, செல்லத்தகாத வழியிற் சென்று நுண்ணிய தடங்களைச் சுட்டுவிடும். இதனை யாம் அன்று அறிந்திலேம்.

பட்டறையில் மெக்கானிக் பெட்டியைக் கழற்றி மாமனிடம் காட்டினார். ஊசிகளிற் சில கருகியிருந்தன. "அண்ணே, ஈரத்தில் யாரோ ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார்கள்," என்றார். "இல்லையப்பா, ஒருவரும் தொடவில்லை," என்றார் மாமன். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்து கேட்டபோதும் அவ்வாறே உறுதி கூறினார். யாம் அருகில் நின்று தரையை நோக்கினோம். நீர் புகுந்த வண்டியை இயக்கியதனால் விளையும் சேதத்திற்கு, அதற்கெனத் தனிக் கட்டணம் செலுத்தியிருந்தாலன்றி ஈடு கிடைப்பது அரிது. மாமன் அக்கட்டணம் செலுத்தியவரல்லர். ஆகவே எம் மௌனம் ஒரு வகையில் அவருக்குப் பணம் ஈட்டித் தருவதாயிருந்தது. அஃதே எம்மை மேலும் வருத்தியது. பேசினால் அவருக்கு நட்டம். பேசாவிடின் எம்மை நம்பி அவர் சொன்ன சொல் பொய்.

நான்கு இரவுகள் உறங்கினோமில்லை. ஐந்தாம் நாள் மாலை, வீட்டின் பின்கட்டில் பழைய அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த மாமனிடம் நடந்ததை நடந்தவாறே கூறினோம். அவர் நெடுநேரம் அட்டைகளை அடுக்கிக்கொண்டேயிருந்தார். பின்பு, "எத்தனை முறை அழுத்தினாய்?" என்றார். "ஒரு முறை, மாமா." "சரி," என்று எழுந்து, சர்வேயருக்குத் தொலைபேசியிற் பேசி, தாம் முன்னர்ச் சொன்னது பிழையென்றார். எம் பெயரைக் கூறினாரல்லர். "வீட்டிலுள்ளவர் தெரியாமல் அழுத்திவிட்டனர்" என்றார். முடிவில் இருக்கை முதலியவற்றைத் தூய்மை செய்யும் செலவு கிடைத்தது, கணினிக்குக் கிடைக்கவில்லை. அத்தை இரண்டு நாள் எம்மோடு பேசவில்லை. அஃது நியாயமே.

புதிய கணினியின் விலை எம் வீட்டாற் கொடுக்கக்கூடியதன்று. விபத்தில் நொறுங்கிய அதே வகை வண்டியினின்று எடுத்த பழைய பெட்டியொன்றை மெக்கானிக் தேடிப் பிடித்தார். பெட்டியின்மீதுள்ள எண் எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும். ஓரெழுத்து மாறினும் பயனில்லை. மாற்றும் நாளில் யாமும் உடனிருந்தோம். முதலில் சிறு பாட்டரியின் முனையைக் கழற்றினார். கைக்கு ரப்பர் உறை அணியுமுன் அதன் வாயைச் சுருட்டி, உள்ளிருக்கும் காற்று எங்கேனும் கசிகிறதா என அழுத்திப் பார்த்தார். இஞ்சின் கணினிக்கு இவ்வளவு வேண்டுமாவென வினவினோம். "நனைந்த வண்டியை நம்பக்கூடாது, தம்பி," என்று கூறிப் பெரிய பாட்டரியின் இணைப்புக் கட்டையையும் பிடுங்கித் தம் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். வேறொருவர் அறியாது அதனைச் செருகிவிடாமைக்கு அஃதே காவலாம். தேங்கிய மின்சாரம் வடியப் பத்து நிமிடம் காத்தார். ஆரஞ்சு நிறக் கம்பிகளின் பக்கம் எம்மை அண்டவிடவில்லை. அந்நிறம் உயர்ந்த மின்னழுத்தத்தின் குறி.

பெட்டியைப் பொருத்தியாயிற்று. பொத்தானை அழுத்தினார் மாமன். விளக்குகள் எரிந்தன, ஆனால் வண்டி ஆயத்தமென்னும் குறி தோன்றவில்லை. எம் நெஞ்சு திடுக்குற்றது. மெக்கானிக் சிரித்தார். திருட்டைத் தடுக்கும் பொருட்டுச் சாவியின் மறைகுறியைக் கணினியிற் பதிந்து வைப்பராம். வேற்று வண்டியிலிருந்து வந்த பெட்டி எம் சாவியை அறியாது. மற்றைக் கணினிகளும் அதனை அறியா. ஆய்வுக் கருவியை இணைத்து ஒன்றையொன்று அறிமுகப்படுத்தல் வேண்டும். அதற்கு அரை மணி நேரமாகும்.

காத்திருந்த பொழுதில் மாமன் தறியைப் பற்றிப் பேசினார். பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-இல் அமைத்த தறியில், துளையுள்ள இடத்தில் ஊசி நுழையும். துளையில்லா இடத்தில் தடைப்படும். அதற்கேற்ப இழை எழும், அல்லது எழாது. பாபேஜ் என்னும் ஆங்கிலேயர் தாம் எண்ணிய கணக்குப் பொறிக்கு அவ்வட்டைகளையே கைக்கொள்ளக் கருதினார் என யாம் படித்ததைக் கூறினோம். மாமன் வியக்கவில்லை. "எவன் குத்திய அட்டையைக் கொடுத்தாலும் தறி நெய்யும். நீ யாரென்று கேட்காது. இது கேட்கிறது," என்றார். சற்றுப் பொறுத்து, "அட்டையில் ஒரு துளை தவறினால் சேலை முழுதும் அத்தவறு வரும். அடுத்த அட்டைக்கட்டு வரும் வரை மறைக்க முடியாது," என்றார். எம்மை நோக்கிக் கூறினாரோ, தறியைத்தான் கூறினாரோ அறியோம்.

குறி பச்சையாய் எரிந்தது. பட்டறையினின்று ஊர் வந்து சேர்ந்தபோது மறுநாள் விடியல். மோட்டாரில் மட்டும் ஓடிய வண்டி ஓசையின்றித் தெருவினுட் புகுந்தது. பாவு பிடித்திருந்தோர் அதன் வரவை அறிந்திலர். மாமன் ஹார்ன் அடிக்க மனமின்றி, தலையை வெளியே நீட்டி, "அம்மா, கொஞ்சம் பாவைத் தூக்குங்கள்!" என்று குரல் கொடுத்தார்.

கணினியின் விலையிற் பாதியை யாம் தருவதாக ஏற்றுக்கொண்டோம். சிறு பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் சொல்லிக்கொடுத்து மாதந்தோறும் ஐந்நூறு ரூபாய் அனுப்பி வருகின்றோம். வேண்டாவென்று மாமன் ஒருமுறையும் சொன்னாரில்லை. ஒவ்வொரு மாதமும் எண்ணிப் பார்த்து, அட்டை குத்தும் பழைய கணக்குப் புத்தகத்தில் வரவு வைக்கிறார். இன்னும் ஏழு மாதம் உளது.